காதுக்குக் கிலோஹெர்ட்ஸ் விற்பவர்கள்

இசை கேட்பதற்கென்று கையடக்கமான ஒரு ப்ளேயர் வாங்க விரும்புகிறவரிடம் இன்று முதலில் சொல்லப்படுவது எண்கள்தான். இருபத்துநான்கு பிட், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ், இரட்டை டாக், தங்கமுலாம் பூசிய செம்பு உடல். கடைசியில், தயக்கத்தோடு சொல்வதுபோல் விலை. இந்த எண்களைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு தாழ்வுணர்ச்சி வந்துவிடுகிறது. இத்தனை நாள் செல்பேசியில் நாம் கேட்டதெல்லாம் இசையே இல்லையோ, நம் காதுகள் இன்னும் பண்படவில்லையோ என்ற ஐயம் அது. அந்த ஐயத்தைத்தான் இந்தச் சந்தை விற்கிறது என்பதே இக்கட்டுரையின் தரப்பு. ஒலித்தரம் என்பது பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஒலித்தரம் மிக உண்மையான ஒன்று. அது இருக்கும் இடம் வேறு, விற்கப்படும் இடம் வேறு என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. ஏன் 44,100? மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையை முழுமையாகப் பதிய, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்குமேல் அளந்தால் போதும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தொடங்கிவைத்து, கிளாட் ஷானன் 1949இல் நிறுவிய கணிதம் இது. இங்கே ‘போதும்’ என்பதற்கு ‘ஓரளவு சமாளிக்கலாம்’ என்று பொருளல்ல. அந்த எல்லைக்குள் இருக்கும் அலையைத் துல்லியமாகத் திரும்பப் பெறலாம் என்பதே பொருள்.

விளம்பரங்களில் ஒரு படம் வரும். வழவழப்பான அலை ஒன்று, அதன் பக்கத்தில் படிக்கட்டுபோல் உடைந்த அலை ஒன்று. முதலாவது உயர்தரம், இரண்டாவது குறுந்தகடு என்பார்கள். அந்தப் படம் ஒரு பொய். ப்ளேயரிலிருந்து வெளியே வரும் அலையில் படிக்கட்டு கிடையாது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லின் வடிகட்டி அந்தப் புள்ளிகளின் வழியே செல்லக்கூடிய ஒரே வழவழப்பான அலையை மீட்டுக்கொடுத்துவிடுகிறது. புள்ளிகளை நெருக்கமாக்கினால் அலை மேலும் வழவழப்பாவதில்லை. இன்னும் உயர்ந்த அதிர்வெண்களுக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த அதிர்வெண்களைக் கேட்க வௌவாலின் காது வேண்டும். நாற்பதைக் கடந்த பெரும்பாலோருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்குமேல் எதுவுமே கேட்பதில்லை. ஆனால் ஹெட்ஃபோன் ஒன்று ‘ஹை-ரெஸ்’ முத்திரை பெறவேண்டுமென்றால், அது 40,000 ஹெர்ட்ஸ்வரை ஒலிக்கவேண்டும் என்பது ஜப்பானிய ஒலிச் சங்கத்தின் நிபந்தனை. தங்கள் காதுக்கு எட்டாத ஓர் ஒலிக்கு மனிதர்கள் மனமுவந்து பணம் கொடுக்கிறார்கள்!

பிட்டுகளின் கதையும் இதுவே. 16 பிட் தரும் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். இரவில் அமைதியான ஓர் அறையிலேயே முப்பது டெசிபல் அளவுக்கு ஓசை இருக்கும். அதற்குமேல் 96 டெசிபல் என்றால், காதுக்கு வலியெடுக்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் தேவைதான். பாடகர் திடீரெனக் குரலுயர்த்தினால் பதிவு சிதையாமலிருக்கவும், பல தடங்களைக் கலக்கும்போது பிழை சேராமலிருக்கவும் அந்த இடைவெளி உதவுகிறது. சமையற்கட்டில் பெரிய அண்டா வேண்டும் என்பதற்காக, இலையில் அண்டாவைக் கொண்டுவந்து வைப்பதில்லை.

இது வெறும் ஏட்டுக்கணக்கு, காதால் சோதித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2007இல் பிராட் மேயர், டேவிட் மொரான் என்ற இருவர் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தெளிவு வட்டுகளை நேரடியாக ஒருமுறையும், அதே ஒலியைக் குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறை நடந்த சோதனையில் சரியான விடை வந்தது 276 முறை. பூவா தலையா போட்டுப்பார்த்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்கக்கூடாது. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016இல் இத்தகைய 18 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார். 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சரியான விடை 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 விழுக்காட்டை ஒட்டி வந்தது. ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நூற்றுக்கு ஐம்பது என்ற குருட்டு வாய்ப்பைவிட இரண்டு சொச்சம் கூடுதல் என்பதே இந்த வேறுபாட்டின் பருமன். அமைதியான கூடத்தில், நல்ல கருவிகளோடு, கவனத்தைக் குவித்து, மாற்றி மாற்றிக் கேட்டபோது கிடைத்த இரண்டு சொச்சம் அது. மின்சார ரயிலின் படிக்கட்டருகே நின்றுகொண்டு கேட்பவருக்கு அதில் எவ்வளவு மிஞ்சும்?

‘ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்கிறதே’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்பது காது மட்டுமல்ல என்பதே விஷயம். 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் மதிப்பிடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தவுடன் மதிப்பெண்கள் மாறிப்போயின. மதிப்பிட்டவர்கள் பாமரர்கள் அல்லர், ஒலிக்கருவி நிறுவனத்தின் ஊழியர்கள். உருவமும் பெயரும் விலையும் ஒலிக்குள் புகுந்துவிடுகின்றன. அதோடு இன்னொன்று: இரண்டு கருவிகளில் ஒன்று மிகச் சிறிதளவு உரக்க ஒலித்தாலும், நம் மனம் அதை ‘உரத்தது’ என்று உணராமல் ‘நல்லது’ என்றே உணர்கிறது. கடைகளில் இரண்டு ப்ளேயர்களை மாற்றி மாற்றிக் கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ஒலியளவைத்தான்.

இந்த மயக்கத்தின்மீது எழுந்த மாளிகைகளுக்குக் குறைவில்லை. 2015இல் சோனி நிறுவனம் ஒலித்தரத்திற்கென்றே ஒரு 64 ஜிபி நினைவட்டையை 18,500 யென்னுக்கு விற்றது. நினைவட்டையில் இருப்பது பூஜ்யங்களும் ஒன்றுகளும். அவை மலிவான அட்டையிலிருந்து வந்தாலும் அதே பூஜ்யங்கள், அதே ஒன்றுகள். மறு ஆண்டே அதே நிறுவனத்திடமிருந்து தங்கமுலாம் பூசிய செம்பு உடலோடு ஏறத்தாழ 3,200 டாலருக்கு ஒரு வாக்மேன் வந்தது. 1979இல் முதல் வாக்மேனை வெளியிட்டு, இசையைத் தெருவுக்கும் ரயிலுக்கும் கொண்டுவந்த நிறுவனம் அது. அந்த முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருந்தன. எவ்வளவு எளிய, அழகான எண்ணம்! அங்கிருந்து தங்கமுலாமுக்கு வந்துசேர்ந்த பாதையை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீல் யங்கின் போனோ இன்னொரு பாடம். அவர் வியாபாரி அல்லர், பெரும் கலைஞர். எம்பி3 இசையைக் கொன்றுவிட்டது என்று உளமார நம்பியவர். 2014இல் பொதுமக்களிடம் நிதி கேட்டு, 60 லட்சம் டாலருக்குமேல் திரட்டி, 399 டாலர் விலையில் முக்கோண வடிவத்தில் ஒரு ப்ளேயரைக் கொண்டுவந்தார். 2016இல் அதன் இணைய இசைக்கடை மூடப்பட்டது. 2017இல் திட்டமே முடிந்தது. அதுபோலவே 2014இல் அறிமுகமான எம்க்யூஏ என்ற கோப்பு முறை, ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒலியை அப்படியே தருவதாகப் பறைசாற்றிக்கொண்டது. 2023 ஏப்ரலில் அந்நிறுவனம் நொடித்து நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. அதைத் தூக்கிப்பிடித்த டைடல் சேவையே 2024 ஜூலையில் அதைக் கைவிட்டுச் சாதாரண இழப்பற்ற கோப்புகளுக்கு மாறியது. இவற்றின் முடிவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: இவை போனபிறகு நம் இசையில் எதுவும் குறைந்ததாக யாரும் உணரவில்லை.

அப்படியானால் ஒலித்தரம் எங்கே இருக்கிறது?

இலக்கியம் படிப்பவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அந்த நூலை நமக்கு மீட்டுத்தந்தது தாளின் வழவழப்பா? ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் கண்டு, சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே குறித்த பதிப்பாசிரியரின் உழைப்பு அது. மோசமாகப் பதிப்பிக்கப்பட்ட நூலைப் பளபளப்பான தாளில் அச்சிட்டால் பிழைகள்தாம் பளபளக்கும். ஒலிப்பதிவிலும் அப்படித்தான். ஒலிவாங்கியை எங்கே வைத்தார்கள், எப்படிக் கலந்தார்கள், இறுதி வடிவத்தை எவ்வளவு நசுக்கினார்கள் என்பவையே தரத்தின் பெரும்பகுதி. மேயரும் மொரானும் தங்கள் கட்டுரையின் முடிவில் சுவையான ஒன்றைச் சொல்கிறார்கள். உயர்தெளிவு வட்டுகள் பல உண்மையிலேயே சாதாரண வட்டுகளைவிட நன்றாக ஒலித்தன. காரணம் பிட்டுகள் அல்ல, அவற்றைத் தயாரித்தவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை. அந்த அக்கறையைக் குறுந்தகட்டின் தரத்துக்கு மாற்றியபின்னும் அது அப்படியே இருந்தது.

எதிர்மறை உதாரணமும் உண்டு. மெட்டாலிக்கா குழுவின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘டெத் மேக்னெடிக்’ அளவுக்குமீறி உரப்பாக்கப்பட்டு, ஒலியே சிதையும் நிலையில் வெளிவந்தது. அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் அந்த நசுக்கல் இல்லாமல் இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய வட்டைவிட விளையாட்டுப் பொருளில் இசை நன்றாக இருந்தது! அந்த வட்டை மூவாயிரம் டாலர் ப்ளேயரில் ஓட்டினால் என்ன கிடைக்கும்? சிதைவு, மிகத் துல்லியமாக.

நம் பக்கம் வருவோம். இவ்விதழை வாசிப்பவர்களில் பலர் பழைய கர்நாடக இசைப் பதிவுகளைத் தேடிக் கேட்பவர்கள். வீணை தனம்மாளின் வாசிப்பு 1930களில் 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில் பதிவானது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அந்தத் தட்டுகளின் ஒலிவீச்சு நாற்பது டெசிபலைத் தாண்டுவதே அரிது. அதற்குக் குறுந்தகட்டின் 96 டெசிபலே மிகப்பெரிய பாத்திரம். பின்னால் வந்த கச்சேரிகளோ வானொலியிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து கேசட்டுக்கும், பிறகு எம்பி3க்கும் மாறிமாறி வந்தவை. எங்கோ ஒரு டெக் சற்று வேகமாக ஓடியிருந்தால் சுருதியே அரைச்சுரம் ஏறிப்போயிருக்கும், பாடகரின் குரலும் மெலிந்திருக்கும். இரைச்சலை நீக்குகிறேன் என்று கிளம்பியவர் தம்புராவின் நாதத்தையும் சேர்த்துத் துடைத்திருப்பார். நமக்குத் தேவை வேகத்தைச் சரிசெய்து, தம்புராவை விட்டுவைத்து, கவனத்தோடு மாற்றப்பட்ட ஒரு பிரதி. அது 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் போதும். அது இல்லாமல், கெட்டுப்போன பிரதியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி விற்பது, செல்லரித்த ஏட்டை வண்ணத்தில் நகலெடுப்பதற்கு ஒப்பானது.

பதிவுக்கு அடுத்து வருவது காதில் மாட்டும் கருவி. ப்ளேயர்களுக்கிடையே உள்ள வேறுபாடு நூலிழை என்றால், ஹெட்ஃபோன்களுக்கிடையே உள்ளது வாய்க்கால் வரப்பு. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்துகிறது என்பதில் ஒன்றுக்கொன்று பத்து டெசிபல்வரைகூட மாறுபடும். இங்கும் விலை வழிகாட்டாது. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றின் ஒலிச்சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சில இயர்ஃபோன்கள் பத்து மடங்கு விலையுள்ளவற்றோடு தயங்காமல் போட்டியிடும். அதையும்விட எளிய விஷயம், காதுத்துளையில் பொருந்தும் ரப்பர் முனை. பெட்டியில் மூன்று அளவுகளில் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலோர் பூட்டிவந்ததை மாற்றுவதேயில்லை. முனை சரியாக அடைக்காவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காற்றோடு போய்விடும். பிறகு ‘இந்த ப்ளேயரில் அடிநாதம் போதவில்லை’ என்று புலம்பல்.

பொருத்தம் சரியாக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எனக்கு இந்த வாதத்தில் மிக முக்கியமானது அதுதான். இரைச்சல் மிகுந்த பேருந்தில் எண்பது டெசிபல் ஓசை சாதாரணம். காதை அடைக்காத கருவியை மாட்டிக்கொண்டவர் அந்த ஓசையை வெல்ல, இசையைத் தொண்ணூறுக்கு ஏற்றுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் ஏற ஏற அந்நேரம் பாதியாகிறது. தொண்ணூறில் வாரத்துக்கு நான்கு மணிநேரம்தான். தினமும் இரண்டு மணிநேரம் பேருந்தில் போகிறவர் இரண்டே நாளில் அதைத் தீர்த்துவிடுகிறார். உள்காதில் நசிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஒலித்தரம் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகிறவர்கள் இதைப்பற்றி ஒரு வரி எழுதாதது எனக்கு வியப்பல்ல, கோபம். காதைவிடத் துல்லியமான கருவி எந்தக் கடையிலும் இல்லை. அதைக் காப்பாற்றுவதே ஒலித்தரத்தின் முதல் விதி.

ப்ளேயரால் எந்த வேறுபாடுமே இல்லையா? உண்டு. ஆனால் அது விளம்பரத்தில் இருப்பதில்லை. முக்கியமானது வெளியீட்டு மின்மறுப்பு. ஹெட்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் ப்ளேயரின் வெளியீட்டு மின்மறுப்பு இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. 2012இல் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் ஏகே100 என்ற ப்ளேயர் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பெருமையோடு வந்தது. அதன் வெளியீட்டு மின்மறுப்போ 22 ஓம். பல நுண்ஒலிப்பான்கள் கொண்ட இயர்ஃபோனை அதில் செருகினால் ஒலிச்சமநிலையே சாய்ந்துவிடும். அடுத்த பதிப்பில் அதைக் குறைத்தார்கள். காதுக்கெட்டாத கிலோஹெர்ட்ஸைக் கொண்டாடியவர்கள் காதுக்குத் தெரியும் குறையைக் கோட்டைவிட்டார்கள்! அடுத்தது இரைச்சல்: நுண்ணுணர்வு மிக்க இயர்ஃபோனில் பாட்டு நின்றபிறகும் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது ஆற்றல்: சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு அதிக மின்னழுத்தம் தேவை. இந்த மூன்றையும் சோதித்துவிட்டால் மீதி எண்களைப் படிக்கவே வேண்டாம். சாதாரண இயர்ஃபோன்களுக்கு, ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற அந்தச் சிறிய மாற்றிக் கம்பியே ஆய்வுக்கூட அளவீடுகளில் காது பிரித்தறியக்கூடிய எல்லையைத் தாண்டிய தூய்மையைக் காட்டியிருக்கிறது.

ப்ளூடூத்தில் கேட்பவர்களுக்கு இன்னொரு சொல். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தின் எல்டாக் முறையில் உச்சமே 990. எஸ்பிசியும் ஏஏசியும் அதைவிட வெகுகுறைவு. 2021இல் ஆப்பிள் இழப்பற்ற இசையை அறிமுகப்படுத்தியபோதே ப்ளூடூத் வழியாக அது கிடைக்காது என்று தானே சொல்லிவிட்டது. ப்ளூடூத்தில் கேட்பது குற்றமல்ல, நன்றாகவே இருக்கும். ஆனால் ப்ளூடூத் ஹெட்ஃபோனோடு 192 கிலோஹெர்ட்ஸ் ப்ளேயரை வாங்குவது, குடத்தில் பன்னீர் நிரப்பி, அதைச் சொட்டுமருந்துக் குப்பியின் வழியே ஊற்றுவது.

‘எதில் கேட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதான்’ என்ற எதிர்முனைக்கும் நான் பதில் சொல்லவேண்டும். எல்லாம் ஒன்றல்ல. 128 கிலோபிட்டில் அவசரமாகச் சுருக்கிய ஒரு பழைய எம்பி3இல் ஜால்ராவின் ஒலி நீரில் கரைந்ததுபோல் ஆவதை யாரும் கேட்டுணரலாம். செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்பவருக்குத் தம்புரா இருப்பதே தெரியாது. அலட்சியமும் மயக்கமும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ‘நல்ல ஒலி கேட்கப் பெரும்பணம் வேண்டும்’ என்று மயக்கம் சொல்கிறது. ‘அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, கிடைத்ததைக் கேட்போம்’ என்று அலட்சியம் ஒப்புக்கொள்கிறது. இருவருக்கும் நடுவே, சில ஆயிரம் ரூபாயில் மிக நல்ல ஒலியைக் கேட்டிருக்கக்கூடிய ஒரு மாணவனோ ஆசிரியரோ அதைக் கேட்காமலே போய்விடுகிறார். இந்த இழப்புக்காகவே இதை எழுதுகிறேன்.

தனி ப்ளேயர் வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் எனக்குத் தெரிகிறது. அதில் அழைப்பு வராது, குறுஞ்செய்தி வராது. ஒரு ராகம் தானமாக விரிந்துகொண்டிருக்கும்போது வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கவனம் சிதறாமல் கேட்பது பெரிய விஷயம். அதற்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம். ஐபாட் 2001இல் வந்து 2022இல் உற்பத்தி நின்றபின்னும், பழைய ஐபாடுக்கு மின்கலம் மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கிறுக்கர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தனிமைக்கு எளிய ப்ளேயர் ஒன்றே போதும். அதைக் கிலோஹெர்ட்ஸ் என்ற பெயரில் விற்கவேண்டாம்.

இதை ஏற்காத நண்பர்கள் கோபத்தோடு மறுப்பு எழுதுவார்கள். வரவேற்கிறேன். எழுதுமுன் ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் மிக நன்றாக அறிந்த ஒரு பதிவின் உயர்தெளிவுக் கோப்பை எடுத்து, அதிலிருந்தே குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள். இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள். வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றி ஒலிக்கவிடச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் இருபது முறை கேட்டு எழுதி வையுங்கள். இருபதுக்குப் பதினைந்து சரியாக வந்தால், உங்கள் காதுக்கு முன் தலைவணங்குகிறேன். பத்தோ பதினொன்றோ வந்தால் அந்தப் பணத்தில் நல்ல இயர்ஃபோன் ஒன்றை வாங்குங்கள். மீதியில் கச்சேரிக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.